பிள்ளைக்கு ஆபரேஷன்: தேதி குறித்த நாளிலிருந்து வீடு திரும்பிய இரண்டாவது வாரம் வரை

தியேட்டர் கதவுக்கு வெளியே, துணி மாற்றிய பிள்ளைகள் காத்திருக்கும் அறையில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். குடலிறக்கம், விரைவீக்கம், இறங்காத விரை, டான்சில், சுன்னத்து என்று பெரும்பாலும் காலையில் வந்து மாலையிலோ மறுநாளோ வீடு திரும்பும் ஆபரேஷன்கள். ஒரு பிள்ளை உள்ளே வரும் விதத்திலேயே கடந்த ஒரு வாரம் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கதவருகே எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முக்கால்வாசி வேலை வீட்டில் நடக்க வேண்டும், அதுவும் வரிசையாக நடக்க வேண்டும். பெற்றவர்களின் பயம் அடங்குவதற்கு முன் பிள்ளையிடம் பேச உட்கார்ந்தால் பிள்ளைக்குப் போய்ச் சேருவது அந்தப் பயம்தான். என் மகனுக்கு 4 வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, இதெல்லாம் தெரிந்த நானே பாதியைத் தவறவிட்டேன். அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இது தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கான வழிகாட்டி. குடல்வால் போல அவசரமாகப் போக வேண்டியிருந்தால் 4, 8, 9, 11 ஆகிய பகுதிகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பழைய ரிப்போர்ட்டுகள், தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அனுமதி வந்துவிட்டதா என்று முந்தின நாளே உறுதி செய்யுங்கள். ஆபரேஷன் அன்று அப்பா ஜெராக்ஸ் கடைக்கும் காப்பீட்டுக் கவுன்ட்டருக்கும் ஓடிக்கொண்டிருக்க, அம்மா தனியாகப் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு சம்மதப் படிவத்தையும் படித்துக்கொண்டிருப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அந்தப் பதற்றத்தை முழுமையாகத் தவிர்க்கலாம்.

இவற்றோடு ஒரு சின்ன நோட்டு, பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை அல்லது அம்மாவின் பழைய சேலைத் துண்டு, சார்ஜ் போட்ட போன், நான்கைந்து காகிதக் கப்புகள்.

1. முதலில் உங்கள் பயத்தை எழுதுங்கள்

தேதி குறித்த அன்று இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக உட்கார்ந்து எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். சேர்ந்து பேசினால் ஒருவர் அழுவார், மற்றவர் தேற்றுவார். தேற்றுபவரின் பயம் கடைசிவரை வெளியே வராது. தியேட்டர் வாசலில் திடீரென்று தலைசுற்றி உட்காருவது பல நேரம் அவர்தான்.

எழுதிப் பார்த்தால் எல்லாம் மூன்று நான்கு கேள்விகளில் வந்து நிற்கும். மயக்கத்திலிருந்து எழுவானா, மூளை பாதிக்குமா, முதுகில் ஊசி போட்டால் பின்னால் இடுப்பு வலி வருமா, எவ்வளவு வலிக்கும்? இவற்றைச் சொந்தக்காரர்களிடமோ யூடியூபிலோ கேட்காதீர்கள். ஆபரேஷன் வீடியோ பார்த்துவிட்டு வரும் பெற்றோரின் முகம் எங்களுக்கு உடனே தெரியும். அடுத்த படியில் டாக்டரிடம் கேட்பதற்காகத்தான் இந்தத் தாள்.

மூளை பற்றிய பயத்துக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முழு மயக்கமும், இன்னொரு பகுதியினருக்கு விழித்திருக்கும்போதே உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியும் கொடுத்து, 7 நாடுகளில் 722 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 5 வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. லான்செட் இதழில் 2019-ல் இந்த முடிவு வெளியானது. அவர்கள் மயக்கத்தில் இருந்தது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். உங்கள் பிள்ளைக்கு 3 வயது ஆகாமல், ஆபரேஷன் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் என்றாலோ பல முறை செய்ய வேண்டியிருந்தாலோ அதைத் தனியாகக் கேளுங்கள்.

2. மயக்க டாக்டரிடம் கேளுங்கள், எதையும் மறைக்காதீர்கள்

மயக்கத்தைப் பிள்ளையின் உடம்பு தாங்குமா என்று மயக்க டாக்டர் ‘ஃபிட்னஸ்’ பார்க்கும் நாளைப் பலர் கையெழுத்து வாங்கும் நாளாக நினைத்து, பிள்ளையை மாமாவுடன் அனுப்பிவிடுகிறார்கள். எழுதிய தாளோடு அப்பாவோ அம்மாவோ போக வேண்டும். பிள்ளையை மயக்கி, ஆபரேஷன் முழுக்க அதன் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்து, திரும்ப எழுப்பப் போகிறவர் அந்த டாக்டர். உங்கள் முதல் கேள்விக்கு முழுப் பதில் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

உங்கள் கேள்விகளோடு இவற்றையும் கேளுங்கள். சாப்பாடு எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை? பெற்றோர் ஒருவர் உள்ளே வரலாமா, வாசலோடு நிற்க வேண்டுமா? பதற்றம் குறைய முன்கூட்டியே மருந்து கொடுப்பீர்களா? ஊசி போடும் இடத்தில் மரக்கும் களிம்பு தடவுவீர்களா? அந்தக் களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் முன்பே கேட்டால்தான் பயன். வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? முதுகு ஊசி என்று அவர் சொன்னால் பதறாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் மயங்கிய பிறகு, முதுகின் அடிப்பகுதியில் போடும் ஊசி. விழித்தபின் சில மணி நேரம் வலி தெரியாமல் இருக்கத்தான் போடுகிறார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவை: ஆடும் பல் (6, 7 வயதில் இது முக்கியம், மூச்சுக்குழாயில் விழலாம்), இளைப்பு, வலிப்பு, ஒவ்வாமை, ரத்தம் எளிதில் நிற்காத பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏற்பட்ட சிக்கல், அண்மையில் போட்ட தடுப்பூசி. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு மயக்கத்தின்போது மூச்சுச் சிக்கல் கூடுதலாக வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் சளி. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் காய்ச்சலோடு சளி, நெஞ்சுச் சளி இருமல், இளைப்பு வந்தால் உடனே போன் செய்யுங்கள். சளி பிடித்த தொண்டை லேசாகத் தொட்டாலே இறுகும் நிலையில் இருக்கும். மயக்கத்தில் குரல்வளை இறுகினால் ஆக்சிஜன் சட்டென்று இறங்கும். லீவு போட்டாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று என்பதற்காக ஒரு அப்பா சளியை மறைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் தியேட்டருக்குள் இருந்த எவருக்கும் மறக்காது. இரண்டு, நான்கு வாரம் தள்ளிப்போவதில் பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

3. எத்தனை நாள் முன்னால் சொல்வது

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சிலர் ஒரு மாதம் முன்பே சொல்லிப் பயத்தை வளர்க்கிறார்கள். சிலர் வாசல்வரை சொல்லாமலே கூட்டிவருகிறார்கள்.

2 வயதுக்குள் விளக்கம் தேவையில்லை. அதற்கு உங்கள் மடியும் வாசனையும்தான் எல்லாம். 3 வயது என்றால் முந்தின நாளும் அன்று காலையும் சொல்லுங்கள். அந்த வயதில் ‘அடுத்த வாரம்’ என்பதே புரியாது. 4, 5 வயதுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு. 6 வயதுக்கு மேல் ஐந்து முதல் ஏழு நாள் முன்பு சொல்லிவிட வேண்டும். யோசிக்கவும், கேள்வி கேட்கவும், அழுது முடிக்கவும் அவர்களுக்கு நாள் வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முந்தின நாள் மட்டும் சொன்னால் பயம் கூடுகிறது என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள்.

12 வயதுக்கு மேல் தேதி குறிக்கும் பேச்சிலேயே அவர்களையும் உட்கார வையுங்கள். டாக்டரிடம் அவர்களே தனியாகக் கேட்க ஐந்து நிமிடம் கொடுங்கள். உடம்பை யார் பார்ப்பார்கள், எந்த உடை உடுத்துவார்கள், மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்பவை அவர்களுடைய கேள்விகள். அம்மா அப்பா முன்னால் அவை வாயில் வராது.

என் மகனிடம் நான் சொல்லவே இல்லை. ‘பார்க்குக்குப் போறோம்’ என்று கிளப்பினேன். ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும் என் கையை உதறினான். அதற்குப் பிறகு பல மாதம், நிஜமாகவே பார்க்குக்குக் கூப்பிட்டாலும் ‘ஆஸ்பத்திரிக்கா?’ என்றுதான் கேட்டான்.

4. என்ன வார்த்தையில் சொல்வது

மூன்று செய்திகள் போதும். உடம்பில் எது சரியில்லை, அதை யார் சரிசெய்வார்கள், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள். குடலிறக்கத்துக்கு நான் சொல்லித்தரும் பேச்சு இது: ‘அழும்போது, ஓடும்போது உனக்கு இங்க புடைக்குதுல்ல? உள்ளே ஒரு சின்ன ஓட்டை இருக்கு. டாக்டர் அதை மூடிடுவார். அப்போ உனக்கு மருந்துத் தூக்கம் வரும், வலிக்காது. முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவாங்க, நீ முழிச்சுக்குவ. நான் கதவுக்கு வெளியே இருப்பேன். முழிச்சதும் என்கிட்ட கொடுப்பாங்க.’

‘மருந்துத் தூக்கம்’ என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறுமனே ‘தூங்கிடுவ, அப்போ ஆபரேஷன் பண்ணுவாங்க’ என்றால் சில பிள்ளைகள் அன்று இரவிலிருந்து வீட்டிலேயே தூங்க மறுக்கும். தூங்கினால் யாராவது வந்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்று நினைக்கும். 7, 8 வயதில் வரும் பயம் நேர்மாறானது: பாதியில் முழித்துவிட்டால்? ‘முழுக்க முழுக்க உன் பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருப்பார், நீ தூங்குறதைப் பார்த்துக்கிறதுதான் அவர் வேலை’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

வெட்டுவது, கிழிப்பது, கத்தி, ரத்தம் என்ற சொற்கள் வேண்டாம். பிள்ளையே ‘வெட்டுவாங்களா?’ என்று கேட்டால் மறுக்காதீர்கள். ‘சின்னதா ஒரு திறப்பு, நீ மருந்துத் தூக்கத்துல இருக்கும்போது, அப்புறம் ஒட்டிடுவாங்க’ போதும்.

குற்றம் சாட்டாதீர்கள். ‘ஐஸ் சாப்பிடாதேன்னு சொன்னேன், கேட்டியா, இப்ப பாரு’ என்று டான்சில் பிள்ளையிடம் எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! 6 வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் மெதுவாக, ‘இனிமே ஐஸ் கேக்க மாட்டேன், வீட்டுக்குப் போகலாமா சிஸ்டர்?’ என்றாள். ஆபரேஷனை அவள் தண்டனை என்றே நினைத்திருந்தாள். 4 முதல் 7 வயதுவரை இந்த எண்ணம் சகஜம். அதனால் யாரும் குற்றம் சாட்டாவிட்டாலும், ‘நீ எதுவும் தப்பு பண்ணலை, அதனால இது வரலை’ என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

‘ஊசியே கிடையாது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஊசி போட்டதும் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமே பொய்யாகிவிடும். ‘கையில ஒரு ஊசி இருக்கலாம், எறும்பு கடிச்ச மாதிரி சுரீர்னு இருக்கும், அப்புறம் ஊசியை எடுத்துடுவாங்க, மெத்துன்னு ஒரு குட்டி டியூப் மட்டும்தான் கையில இருக்கும்’ என்று சொல்லுங்கள். வென்ஃப்ளான் என்ற அந்த டியூப்பில் ஊசி உள்ளேயே இருப்பதாகப் பெரியவர்களே நினைக்கிறார்கள். அது இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் கையை அசைக்கத் தொடங்கிவிடும்.

சொல்லி முடித்ததும், ‘இப்ப நீ எனக்குச் சொல்லு, என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். தவறாகப் புரிந்தது அப்போதுதான் வெளியே வரும். குடலிறக்கம் என்ற சொல்லைக் கேட்டு, குடலைக் கீழே இறக்கப் போகிறார்கள் என்று நினைத்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

5. விளையாட்டில் ஒத்திகை

காகிதக் கப்பின் அடியை வெட்டிவிட்டு மூக்கு, வாய் மேல் வைத்தால் அதுதான் மாஸ்க். முதலில் பொம்மைக்கு, அப்புறம் அப்பாவுக்கு, கடைசியில் பிள்ளைக்கு. ‘பெரிய பலூன் ஊது’ என்று பத்து மூச்சு எண்ணுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். மருந்துக் காற்றில் ஸ்கெட்ச் பேனா மாதிரி ஒரு வாசனை வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். பிள்ளைகள் மாஸ்க்கைத் தட்டிவிடுவது பெரும்பாலும் தெரியாத வாசனையால்தான்.

கைக்குட்டையை முகத்தில் கட்டி, தலையில் துண்டு சுற்றி, ‘டாக்டர் இப்படித்தான் இருப்பார், உள்ளே சிரிச்சுக்கிட்டுதான் இருப்பார்’ என்று காட்டுங்கள். கண் மட்டும் தெரியும் ஆட்கள் நான்கைந்து பேர் சுற்றி நிற்பது அந்தக் குட்டிக்கு எப்படி இருக்கும் என்று கீழே படுத்து மேலே பார்த்தால் உங்களுக்கே புரியும்.

நெபுலைசர் வைத்து அழுத அனுபவம் இருந்தால் கப்பை முகத்தருகே கொண்டுபோனதுமே பிள்ளை திரும்பிக்கொள்ளும். வற்புறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்குக் கையில் ஊசி போட்டு மயக்குவதே எளிதாக இருக்கலாம். முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

6. சொந்தக்காரர்களுக்கு

பிள்ளை காதுபடப் பேச வேண்டாம், வார்டுக்கு இரண்டு பேருக்கு மேல் வர வேண்டாம். இதை நீங்களே சொல்ல முடியாவிட்டால் வீட்டில் எல்லோரும் கேட்கும் ஒரு பெரியவர் மூலம் சொல்லுங்கள். ‘சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’ என்ற பேச்சை இந்த வாரத்திலாவது நிறுத்தச் சொல்லுங்கள். அப்பத்தா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதிலோ விபூதி பூசுவதிலோ எங்களுக்கு மறுப்பு கிடையாது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுவதை மட்டும் வேறு அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

7. முந்தின இரவும் வெறும் வயிறும்

பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு: சாப்பாடு, பால், பால் பவுடர் 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம் வரை. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் போன்ற தெளிவான நீர் 2 மணி நேரம் வரை. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதுதான் காரணம்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒரு பக்கம், பாட்டி பாவம் பார்த்து ஊட்டும் அரை பிஸ்கட். அரை பிஸ்கட் கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டோம், நேரத்தைத் தள்ளிவைப்போம். இன்னொரு பக்கம், இரவு 8 மணியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பது. காலை 8 மணிக்கு ஆபரேஷன் என்றால், மருத்துவமனை அனுமதித்தால், 5.30-க்கு எழுப்பி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். தொண்டை காய்ந்த, பசித்த பிள்ளைக்கு எந்த ஒத்திகையும் நினைவுக்கு வராது. மோர் தெளிவான நீர் கிடையாது. கஞ்சித் தண்ணீரும் கிடையாது. இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். பிள்ளை பார்க்க மற்றவர்கள் சாப்பிடவும் வேண்டாம்.

கொலுசு, கம்மல், வளையல், அரைஞாண் கொடி, தாயத்துத் தகடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றுங்கள். ரத்தம் நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்தும்போது உலோகம் பட்ட இடத்தில் சுட்டுவிடலாம். நகப் பாலிஷையும் அழியுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் ஒளி நகத்தினூடாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் தியேட்டர் வாசலில் நாங்கள் அவசரமாகக் கழற்றினால் பிள்ளை அழும். முந்தின நாள் மாலையில் அம்மா கழற்றினால் அழாது.

8. காத்திருக்கும் அறை

போனை வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். இங்கே வந்த பிறகு, புதிதாக ஒரு கார்ட்டூன். முந்தின இரவே டவுன்லோடு செய்து வையுங்கள், தியேட்டர் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. போன் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு இருந்தால் இன்று ஒரு நாள் தளர்த்துங்கள்.

பதற்றம் குறையச் சிரப்போ மூக்கில் விடும் மருந்தோ கொடுத்தால், அது வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும். அதன்பின் பிள்ளையை நடக்க விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள். தள்ளாடும், உளறும், காரணமில்லாமல் சிரிக்கும். அபூர்வமாகச் சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதில் முரண்டு பிடிக்கும். அதற்காகப் பதற வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

நேரம் தள்ளிப்போகும். முந்தைய ஆபரேஷன் நீளும். ‘இதோ இப்ப கூப்பிடுவாங்க’ என்று பத்து முறை சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளினால் தண்ணீர் கொடுக்கலாமா என்று எங்களிடம் கேளுங்கள்.

9. கதவு

நம்மூரில் பல இடங்களில் பெற்றோரை உள்ளே விடுவதில்லை. விட்டாலும் ஒருவர்தான். யார் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அம்மாதான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருவரில் கை நடுங்காதவர் போகட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் குழுவினர் 1998-ல் ஒப்பிட்டபோது, பெற்றோர் கூட இருந்த பிள்ளைகளைவிடப் பதற்றம் குறைக்கும் மருந்து கொடுத்த பிள்ளைகளே அமைதியாக மயங்கினார்கள். ஆகவே உள்ளே விடவில்லை என்று வாசலில் சண்டை போட வேண்டாம். அந்தச் சண்டையைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

அதே குழு பிறகு பெற்றோருக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தது. ஒத்திகை, கவனத்தைத் திருப்புவது, ஆறுதல் வார்த்தையைக் குறைப்பது ஆகியவை அதில் உண்டு. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது, விழிக்கும்போது திமிறுவதும் குறைந்தது, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆறுதலைக் குறைப்பதா என்று பலர் கேட்கிறார்கள். ‘பயப்படாதே, பயப்படாதே, ஒண்ணும் ஆகாது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். நான் என் மகனிடம் வார்டிலிருந்து தியேட்டர் வரை ‘ஒண்ணும் இல்லடா கண்ணா’ என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் பிடி இறுகியது. அதற்குப் பதிலாகச் செய்ய ஏதாவது கொடுங்கள். ‘பலூன் ஊது. இன்னொண்ணு. இது என்ன கலர் பலூன்?’ பிள்ளை அழுதால் அழட்டும், ‘அழக்கூடாது, நீ ஆம்பளப் புள்ளை’ என்று அடக்காதீர்கள்.

உள்ளே போனால் நீங்கள் பார்க்கப்போவதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மாஸ்க் வைத்த சில நொடிகளில் கண் மேலே சொருகும். கை கால் உதறலாம். குறட்டைபோல மூச்சு வரும். பிறகு உடம்பு துவண்டுவிடும். இவை எல்லாம் மயக்கம் ஏறும்போது வழக்கமாக வருபவை. அந்த நேரத்தில் பிள்ளைக்கு நினைவு இருக்காது. நாங்கள் ‘போகலாம்’ என்றதும் போய்விடுங்கள். அடுத்த நிமிடம் எங்கள் எல்லோருடைய கவனமும் பிள்ளையின் மூச்சில் இருக்க வேண்டும்.

வாசலோடு நிற்பவர்கள் விடைபெறும் வாக்கியத்தை வீட்டிலேயே பழகுங்கள். ‘நீ முழிச்சதும் நான் இருப்பேன். பலூன் ஊது.’ ஒரு முத்தம், அவ்வளவுதான். பொம்மையையும் சேலைத் துண்டையும் கையோடு கொடுத்துவிடுங்கள். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவாதீர்கள். ‘ஒரு நிமிஷத்துல வரேன்’ என்றும் சொல்லாதீர்கள். திரும்பிப் பார்த்து அம்மா இல்லாததைக் கண்டு எழும் அழுகையை எங்களால் அமர்த்தவே முடிவதில்லை.

10. வெளியே இருக்கும் நேரம்

அரை மணி நேர ஆபரேஷனுக்கும் பிள்ளை கைக்கு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். மயக்க, ஊசி போட, எழுப்ப, கவனிக்க என்று நேரம் போகும். இது தெரியாமல் முப்பத்தோராவது நிமிடத்திலிருந்து கதவைத் தட்டத் தொடங்குகிறார்கள். இப்போது நீங்கள் சாப்பிடுங்கள், ஒருவர் மாற்றி ஒருவராக. பிள்ளை விழித்தபின் உங்களுக்கு நேரம் இருக்காது. பசியில் மயங்கி விழுந்த அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன்.

11. விழிக்கும்போது

2 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் சிலர் விழிக்கும்போது கத்தித் திமிறுவார்கள். கண் திறந்திருக்கும், அம்மாவை அடையாளம் தெரியாது, உங்களையே தள்ளும். ‘பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்று பெற்றோர் உடைந்துபோவது இங்கேதான். மயக்கம் பாதி தெளிந்த நிலை இது. பெரும்பாலும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கும், பிள்ளைக்கு இது நினைவிலும் இருக்காது.

குலுக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள், ஒரே குரலில், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி மெல்லப் பேசுங்கள். கையிலிருக்கும் வென்ஃப்ளானைப் பிடுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வலியால் அழுகிறதா என்று நாங்கள் பார்த்து மருந்து கொடுப்போம்.

முதுகு ஊசி போட்டிருந்தால் கால் மரத்திருக்கும். ‘என் கால் எங்கே’ என்று பிள்ளை பயப்படும். தொட்டுக் காட்டி, ‘கால் தூங்குது, சாயங்காலம் முழிச்சுக்கும்’ என்று சொல்லுங்கள். தண்ணீரை எங்களைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒன்றிரண்டு முறை வாந்தி வரலாம்.

12. வீட்டில் முதல் இரண்டு வாரம்

வலி மருந்தை முதல் இரண்டு நாள் மணிக்கணக்குப்படி கொடுங்கள். அழும்வரை காத்திருந்து கொடுத்தால் அது வேலை செய்யும்வரை பிள்ளை வலியில்தான் இருக்கும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, அதனால் சீட்டில் எழுதியபடி மட்டும். டான்சில் பிள்ளைகளுக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை கூடுதல் கவனம் தேவை. எச்சிலிலோ வாந்தியிலோ புது ரத்தம் தெரிந்தால் எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் காய்ச்சல், தையலில் சீழ், நிற்காத வாந்தி, சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவற்றுக்கும் காத்திருக்காதீர்கள்.

உடம்பு ஆறிய பிறகும் சில மாற்றங்களைப் பார்ப்பீர்கள். படுக்கையில் சிறுநீர், கெட்ட கனவு, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, சாப்பிட அடம். பல பிள்ளைகளிடம் இரண்டு வாரம் வரை இதில் ஏதாவது ஒன்று இருக்கும். அடம் பழகிவிட்டது என்று அடிக்காதீர்கள். இரவில் பக்கத்தில் படுக்க விடுங்கள். பொம்மைக்கு ஊசி போட்டு, கட்டுப் போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், நடந்ததை அது அப்படித்தான் தனக்குள் சரிசெய்துகொள்கிறது. ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாளையும் முன்பே சொல்லி, மூன்றாவது, நான்காவது பகுதிகளில் சொன்னபடி பேசுங்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானே கரையும் தையல்தான் போடுவார்கள், பிரிக்க வேண்டியிருக்காது. டிஸ்சார்ஜ் அன்றே இதைக் கேட்டு வைத்துக்கொண்டால், ‘இன்னைக்கு ஊசி கிடையாது, பிளாஸ்திரியை எடுத்துப் பார்ப்பாங்க, அப்புறம் வீட்டுக்கு வந்துடலாம்’ என்று உண்மையாகவே சொல்ல முடியும்.